வலையிணைப்புக் கேபிளை நாமே செய்வோம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் நவராத்திரியின் முடிவிலே கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்குகின்றோம். அவ்வழிபாடு பொருளுடையதாக வேண்டுமாயின், கருவியை எடுத்துத் தொழில் செய்யவும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். கணினியின் முன்னே நாள் முழுதும் அமர்ந்திருக்கும் இளைஞரிற் பலர், அதனோடு இணைந்த கம்பிக்குள்ளே என்ன இருக்கின்றதென்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆகவே வலையிணைப்புக் கேபிளை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

“வைபை இருக்கக் கம்பி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். தடித்த சுவர்களைக் கடக்கையில் வைபை அலை வலுவிழக்கும். அயல்வீட்டு அலைகளும் இடையூறு செய்யும். ஓரிடத்திலே நிலையாக இருக்கும் கணினிக்குக் கம்பியே உற்ற துணை.

ஈதர்நெற் என்னும் இணைப்பு முறை 1973ஆம் ஆண்டு, அமெரிக்காவிலுள்ள செறொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திலே தோன்றியது. றொபேட் மெற்காவ், டேவிட் பொக்ஸ் என்னும் இருவர் அதனை ஆக்கினர். முறுக்கிய செப்புக் கம்பியிலே அது இயங்குவதற்கான நியமம் 1990இல் வகுக்கப்பட்டது. ஆயின் முறுக்கும் உபாயம் மிகப் பழையது. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார்.

முறுக்குவது எதற்காக? கேபிளின் மேலுறையை நீக்கினால் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக இருக்கக் காண்போம். ஒரு சோடியின் இரு கம்பிகளும் ஒன்றுக்கொன்று எதிரான சமிக்ஞைகளைச் சுமந்து செல்லும். வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்குண்டு கிடக்கும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் படியும். மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்குமுள்ள வேறுபாட்டையே எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்து போகும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

இனிச் செய்முறை. வேண்டியவை: ‘கட் 5ஈ’ அல்லது ‘கட் 6’ வகைக் கேபிள், அதற்குப் பொருந்தும் ஆர்.ஜே. 45 பிளக்குகள், கிரிம்பிங் குறடு, சோதிக்கும் கருவி. முதலில் மேலுறையை ஓர் அங்குலமளவு உரித்து, கம்பிகளைப் பிரித்து நேராக்குக. பிளக்கின் கொளுவி கீழேயும் முனை அப்பாலும் இருக்கப் பிடித்து, இடமிருந்து வலமாக இவ்வாறு அடுக்குக: வெள்ளை–செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை–பச்சை, நீலம், வெள்ளை–நீலம், பச்சை, வெள்ளை–கபிலம், கபிலம். இதற்கு ‘ரி 568 பி’ என்று பெயர். பின்பு, முறுக்கவிழ்ந்த பகுதி 13 மில்லிமீற்றருக்கு மேற்படாதவாறு முனைகளைச் சமமாக வெட்டி, பிளக்கின் அடிவரை செலுத்துக. மேலுறையும் பிளக்கினுள்ளே சற்றுச் செல்லல் வேண்டும். குறட்டால் அழுத்தியதும் எட்டுப் பற்களும் கம்பிகளின் உறையைத் துளைத்துச் செப்பைத் தொடும். மறுமுனையிலும் இதே ஒழுங்குதான். முழு நீளம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது.

பச்சைச் சோடி மாத்திரம் பிரிந்து, 3ஆம் 6ஆம் இடங்களில் நிற்பதைக் கவனித்தீர்களா? நடுவிலுள்ள இரு இடங்களும் தொலைபேசிக்கு உரியனவாயிருந்த பழைய மரபின் விளைவு அது. இதனை அறியாத ஒருவர், சோடி சோடியாக அழகாக அடுக்கி இரு முனைகளையும் ஒரேமாதிரிச் செய்துவிடுவார். சோதிக்கும் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரியும். ஆயினும் கேபிள் பழுதே! 3ஆம் 6ஆம் இடங்களிலே இணைந்து தொழில் செய்ய வேண்டிய இரு கம்பிகள் வெவ்வேறு சோடிகளில் முறுக்குண்டு கிடப்பதால், ஒரு சோடியின் சமிக்ஞை மற்றதிற் கலந்து வேகம் குன்றும். நிறங்களின் வரிசையை மாத்திரம் மனப்பாடம் செய்தவர் இப்பழுதைக் காணமாட்டார். முறுக்கின் காரணத்தை அறிந்தவரே காண்பார். படிப்பிலும் இதுவே உண்மையன்றோ?

வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். அலுமினியத்தின் மேலே செப்புப் பூசிய மலிவுக் கேபிளை விலக்குக; அது எளிதில் முறியும், மின்தடையும் கூடியது. முழுச் செப்பையே கேட்டு வாங்குக. மின்சார வயரோடு ஒட்டிக் கேபிளைக் கொண்டு செல்லாதீர்கள். நம் நாட்டிலே சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகும். வீட்டுக்கு வீடு வெளியாற் செப்புக் கேபிள் இழுப்பது ஆபத்தை அழைப்பதாகும்.

ஒரேயொரு சிறு கேபிள் வேண்டுவோருக்குக் கடையில் வாங்குவதே இலாபம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ பத்துக் கணினிகளை இணைக்க வேண்டிய நாளிலே, வேண்டிய நீளத்திற்கு வெட்டிச் செய்யவும், பழுதான முனையை வெட்டிப் புதிதாகப் பூட்டவும் தெரிந்த இரண்டு வாலிபர்கள் ஊரில் இருந்தால் அது பெரும் உதவியாகும். ஒரு குறட்டையும் ஒரு சோதிக்கும் கருவியையும் சங்கத்தின் பொதுவுடைமையாக வைத்து, தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பிப்போமாக. அடுத்த நவராத்திரியிலே பொட்டிட்டு வைக்கும் கருவிகளுள் அக்குறடும் ஒன்றாகட்டும்.