இல்லாத குவிமாடம்

கண்ணை மயக்கும் சித்திரங்களைப் பற்றி வானொலியில் பேசுவது சற்றே விந்தையான முயற்சிதான். காட்டுவதற்கு நம்மிடம் படமில்லை. செவியைக் கொண்டே காண வேண்டியிருக்கிறது. ஆயினும், நேயர்களைச் சிறிது நேரம் ரோமாபுரிக்கு அழைத்துச் செல்ல விழைகிறோம்.

அந்நகரில் புனித இஞ்ஞாசியார் ஆலயம் ஒன்று உண்டு. 1626-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய அவ்வாலயத்தின் நடுவே பெரியதொரு குவிமாடம் எழுப்பத் திட்டமிட்டிருந்தனர். அது எழவேயில்லை. பணமுடையே காரணம் என்பர் சிலர். தங்கள் நூலகத்துக்கு வெளிச்சம் மறைந்துவிடுமென அண்டைத் துறவிகள் தடுத்தனர் என்பர் வேறு சிலர். இயேசு சபைச் சகோதரரும் ஓவியருமான அந்திரேயா பொத்சோ என்பவர், 1685-இல், சுமார் 17 மீட்டர் அகலமுள்ள துணிச் சித்திரத்தால் அவ்விடத்தை மூடினார். வாயிலிலிருந்து நடந்து வருவோர், தூண்களும் சாளரங்களும் சூழ மேலே உயர்ந்து செல்லும் மாடத்தைக் காண்கின்றனர். அங்கிருப்பதோ தட்டையான துணி!

சித்திரத்திலுள்ள தூண்கள் சுவரினின்று நீண்ட தாங்குகற்களின் மேல் நிற்பனவாகத் தீட்டப்பட்டிருந்தன. மெய்யான கட்டடத்தில் எவரும் இவ்வாறு செய்யார் என்று சிற்பிகள் சிலர் குறை கூறினராம். பாரம் தாங்காமல் அவை விழுந்தால் செலவைத் தாமே ஏற்பதாக நண்பரொருவர் விடை பகர்ந்தார் எனப் பொத்சோ தம் நூலில் எழுதியிருக்கிறார். வரைந்த தூணுக்குக் கட்டட விதியைக் காட்டினால் வேறென்ன விடை கிடைக்கும்?

இதனினும் அரிய செயல், 1694-இல் முடிவுற்ற நடுக்கூடத்து விதானம். அது வில்போல் வளைந்தது. அதன்மேல் நேர்க்கோட்டை நேராகவே வரைந்தால், கீழிருந்து நோக்குவோர்க்கு அது கோணலாகிவிடும். நேராகத் தோன்ற வேண்டுமாயின் வளைத்தே வரைதல் வேண்டும். எவ்வளவு வளைப்பது? அதற்கு அவர் சொல்லும் வழி மிக எளியது. முதலில் மாதிரிப் படத்தின்மீது கட்டங்கள் இட வேண்டும். பின்னர், விதானத்தின் வளைவு தொடங்கும் மட்டத்தில் அதே கட்டங்களை நூல்வலையாகக் கட்ட வேண்டும். பார்ப்பவன் கண் இருக்கும் இடத்தில் இரவில் விளக்கு வைத்தால், வலையின் நிழல் விதானத்தில் விழும். உயரத்தினால் நிழல் மங்குமாயின், கண் நிற்குமிடத்தினின்று ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுச் செல்லுமாறு நூலொன்றை மேலே இழுத்துப் புள்ளி குறிக்கலாம். அப்பால், கட்டத்துக்குக் கட்டம் மாதிரியைப் பெயர்த்தெழுத வேண்டியதே.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பானைக்கு எதிரே கம்பிவலைத் துண்டொன்றை நிறுத்தி, இருட்டில் சிறு விளக்கொளி பாய்ச்சி, பானைமீது வளைந்து விழும் நிழலைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பிறகு வலையை எடுத்துவிட்டு, விளக்கிருந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்து மறு கண்ணை மூடி நோக்குங்கள். கோணற்கோடுகள் நேர்க்கட்டங்களாகிவிடும். இரு கண்ணாலும் அருகில் பார்த்தால் பானையின் வளைவு புலப்பட்டு மயக்கம் கெடும். ஆலய விதானம் நெடுந்தொலைவில் இருப்பதால், அங்கே கண்ணை மூட வேண்டிய தேவையில்லை.

ஆனால் நிற்கும் இடம் மட்டும் தவறலாகாது. ஆலயத் தரையில் அவ்விடத்தைச் சலவைக்கல் வட்டமொன்று காட்டுகிறது. அதைவிட்டு விலகி நடந்தால், தீட்டிய தூண்கள் சாயத் தொடங்கும்; மாடமும் ஒருபுறம் சரியும். பல இடங்களுக்கும் பொருந்துமாறு வரையலாகாதா என்று கேட்டவர்க்குப் பொத்சோ இணங்கவில்லை. ஒரு சித்திரத்துக்கு ஒரே பார்வைப் புள்ளி என்பதில் உறுதியாக நின்றார். அவர் செய்தது சரியென்றே நமக்குப் படுகிறது. எல்லா இடத்துக்கும் சற்றுச் சற்று இடங்கொடுத்திருந்தால், எந்த இடத்திலும் அம்மாடம் எழுந்திராது.

அவருடைய நூலின் முதற்பகுதி 1693-இல் வெளிவந்தது. அம்முறையைத் தழுவிச் சீனப் பேரரசின் அதிகாரியொருவர் 1729-இல் தம் மொழியில் ஒரு நூல் இயற்றினார். ரோமாபுரியைக் காணாத ஓவியர் கைக்கும் அந்த நூல்வலை அவ்வாறு சென்று சேர்ந்தது.