இரண்டாம் துண்டு
(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)



2024 ஜூன் 6 அன்று பேரனோடு கரியாலூரில் தங்கியிருந்தேன். அன்றிரவு கொல்கத்தாவில் இந்தியா - குவைத் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக் கால்பந்து. அதுவரை நாட்டுக்காக 94 கோல் அடித்திருந்த சுனில் சேத்ரி விடைபெறும் ஆட்டம் என்று அறிவித்திருந்தார்கள். முடிவு 0-0.

"எப்பப் பார்த்தாலும் இப்படித்தான் தாத்தா. இனி நான் பார்க்க மாட்டேன்" என்றான் பேரன்.

அவனைத் தேற்ற, கையோடு கொண்டுபோயிருந்த டிராகன் பழத்தை வெட்டினேன். எனக்கும் அது முதல்முறை. வெள்ளைச் சதையில் எள்ளைத் தூவியது போல விதைகள். ஒரு வாய் தின்றேன்; சப்பென்று இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன்.

"நீங்க மட்டும் ஒரே வாயில விட்டுட்டீங்களே!" என்றான். வெட்கத்தோடு இரண்டாம் துண்டை எடுத்தேன். மெல்லிய இனிப்பு தெரிந்தது.

பிறகு அவனுக்குச் சொன்னேன்: 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாம் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம்.

"அப்போ இப்ப ஏன் தாத்தா முடியல?" என்று கேட்டான். பதில் நம் வாசலிலேயே இருந்தது. 'பந்து விளையாடக் கூடாது' என்ற பலகைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கார் கண்ணாடி பற்றிய கவலை நியாயம்தான். வலை கட்ட என் பங்கை முதலில் தருகிறேன். பின்பக்கக் காலி இடத்தை மாலை 5 முதல் 6 வரை பிள்ளைகளுக்கு விடுவோம்.