தன் வயலுக்குத் தன் கையொப்பம் போதாதா?

(நானாட்டானில் நிகழ்த்திய உரை)



பெண்கள் தொழிலில் முன்னேற வேண்டுமென்று எல்லா மேடைகளிலும் முழங்குகிறோம். தையற் பயிற்சி அளிக்கிறோம், சான்றிதழ் வழங்குகிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். தொழில் தொடங்க முதல் வேண்டும், முதலுக்கு ஈடு வேண்டும் என்பதை மட்டும் பேசாது விடுகிறோம். அதைப் பேசவே இன்று வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதித் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல் அவருக்குச் சீதனமாகக் கிடைத்தது. உறுதியும் அவர் பெயரிலேயே இருந்தது. சிறியதோர் அரிசி ஆலை அமைக்க அவ்வயலை ஈடுவைத்துக் கடன் கேட்டார். கணவரின் கையொப்பம் எங்கே என்றது வங்கி. கணவரோ 2009 இல் காணாமற்போனவர். அந்தக் கையொப்பத்தைத் தேடி அம்மையார் எங்கே போவார்?

வங்கியைக் குறைகூறிப் பயனில்லை. அது சட்டத்தைத்தான் படித்துக் காட்டியது. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்திலிட்டு, 1806 இல் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்ட தேசவழமையோடு, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் வட மாகாணத் தமிழரைக் கட்டுப்படுத்துகிறது. அதன் 6 ஆம் பிரிவின்படி மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. கணவன் பட்ட கடனுக்காக அதைப் பற்ற முடியாது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே பிரிவு, நகையை விருப்பம்போல் விற்க விடுகிறது; காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ விடவில்லை. மணமாகாத பெண்ணுக்கு இத்தடை இல்லை. தன் காணியை விற்கும் கணவனுக்கும் இல்லை. ஆசிரியையாயினும் மருத்துவராயினும், தாலி ஏறிய நாள்முதல் அவளது கையொப்பம் அரைக் கையொப்பமே! பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு 1923 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் முழு உரிமை வழங்கியது. நம் பெண்களை அது விலக்கி வைத்தது.

வழியே இல்லையா? உண்டு. கணவன் இருக்குமிடம் தெரியாவிடினும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றில் மனுச் செய்து அனுமதி பெறலாம். அந்த அம்மையாரும் பெற்றார். அதற்குள் ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் கழிந்தன. இத்தகைய மனுக்களால் என்போன்ற சட்டத்தரணிகளுக்கு வருமானம் உண்டு, மறைப்பானேன்?

தேசவழமையில் கைவைத்தால் நம் தனித்துவம் போய்விடும் என்று நண்பர்கள் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாடேன். நம் சட்டத்தைப் பிறர் வந்து திருத்தும் நிலை வரலாகாது என்பதில் நானும் அவர்கள் பக்கமே. ஆயின் 1911 ஆம் ஆண்டுச் சட்டமே பழைய வழமையை மாற்றி எழுந்ததன்றோ? 1947 இல் அதுவும் திருத்தப்பட்டது. அப்போதெல்லாம் போகாத தனித்துவம், ஒரு பெண்ணின் கையொப்பத்தாலா போய்விடும்?

நீதிமன்றம் இப்பிரிவைத் தள்ளிவிடும் என்று காத்திருக்கவும் இயலாது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் வேறுபாட்டைத் தடுக்கிறது. 16 ஆம் உறுப்புரையோ, முரணாயினும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது. ஆகவே பாராளுமன்றமே வழி. அரச காணியின் பின்னுரிமையில் மகளுக்கு முன் மகனை நிறுத்திய 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டதை, அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் உழவர்கள் அறிவீர்கள்.

மனைவியின் காணிக்குக் கணவனின் சம்மதம் வேண்டுமென்ற நிபந்தனையை நீக்கும் மசோதாவை வட மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்களே கொண்டுவர வேண்டும் என்ற தீர்மானத்தை இச்சபைமுன் வைக்கிறேன். கடனுக்கு அவள் சொத்தைப் பற்றலாகாது என்ற பாதுகாப்பில் ஓரெழுத்தும் குறையக்கூடாது என்பதும் அதில் உண்டு. வழிமொழியத் தாய்மாரில் ஒருவர் முன்வருவாராக.