எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?

(நவராத்திரிக்கு முன் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொலுப்படி எடுக்கும் சமயம் இது. படி இறங்கும்போது பரணிலிருந்து கூடவே இன்னொன்றும் இறங்கும்: போன வருஷத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் எலெக்ட்ரீஷியன் இல்லை, வங்கியில் கணக்கு எழுதியவன். இந்த விஷயத்துக்குக் கொஞ்சம் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எழுபது, எண்பதுகளில் கட்டிய ஃபிளாட்டுகளில் ஒரு அறைக்கு ஒன்றிரண்டு பிளக் பாயின்ட் இருந்தாலே பெரிய விஷயம். அன்றைக்கு அது போதும். இன்று அதே அறையில் டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை, இரண்டு மூன்று செல்போன், லேப்டாப் எல்லாம் இருக்கின்றன. சுவரில் பாயின்ட் கூடவில்லை, பாக்ஸ்தான் கூடியது. இவையெல்லாம் சின்னச் சுமை. ஒரே பாக்ஸில் இருந்தாலும் பயமில்லை. சூடு உண்டாக்கும் சாமான் அதே பாக்ஸுக்கு வரும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சாதாரண பாக்ஸின் மேல் 6 ஆம்பியர் என்று போட்டிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். அந்த பாக்ஸின் மொத்த லிமிட் அவ்வளவுதான். நான்கு ஓட்டை இருக்கிறது என்பதால் லிமிட் நான்கு மடங்கு ஆகாது. அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், எலெக்ட்ரிக் கெட்டில் 1,500 வாட். கெட்டில் ஒன்றே லிமிட்டைத் தாண்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 2,500 வாட், அதாவது கிட்டத்தட்ட 11 ஆம்பியர்.

"எம்சிபி இருக்கே சார், டிரிப் ஆயிடுமே" என்று பலர் சொல்கிறார்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பல வீடுகளில் அந்த லைனுக்குப் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்சிபி. அது சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்றப் போட்டது. 11 ஆம்பியர் போனால் அதற்கு ஒன்றுமே தெரியாது. வங்கி பாஷையில் சொன்னால், கிளைக்கு 16 லட்சம் வரை கடன் கொடுக்க அதிகாரம், ஒரு வாடிக்கையாளருக்கு லிமிட் 6 லட்சம். அவர் 11 லட்சம் எடுத்துவிட்டார். கிளையின் மொத்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். வயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 6 ஆம்பியர் போக வேண்டிய வயரில் 11 போனால் சூடு மூன்று மடங்குக்கு மேல். சத்தம் வராது, விளக்கு அணையாது. வயரின் மேலுறை மெதுவாக இளகும்.

ஆகவே முதல் விதி: சூடு உண்டாக்குவதும் பெரிய மோட்டார் ஓடுவதும் நேராகச் சுவர் பாயின்ட்டில்தான். கீசர், இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், ஏசி, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதுவும் எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக வேண்டும். பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் மாட்டுவதற்குக் கடையில் கன்வர்ட்டர் கிடைக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள். பின் பெரிதாக இருப்பதே "சின்னப் பாயின்ட்டில் போடாதே" என்று சொல்லத்தான்.

இரண்டாவது, ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸை மாட்டக்கூடாது. மொத்தச் சுமையும் முதல் பாக்ஸின் வயர் வழியாகத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, வயர் போகும் இடம். கொலுப்படித் துணிக்கு அடியில், கார்ப்பெட்டுக்கு அடியில், கட்டில் மெத்தை ஓரத்தில் விடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லை, உறை கிழிந்தாலும் கண்ணில் படாது. நீள வயரைச் சுருட்டி வைத்தபடி உபயோகித்தாலும் அதே கதைதான். நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறைய. கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் குறுக்கே ஓடும் வயர் ராத்திரி நேரத்தில் காலை வாரிவிடும். ஷாக் அடிக்க வேண்டாம், இடுப்பெலும்பு முறிய அதுவே போதும்.

நான்காவது, வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் போட்டால் அசலா என்று தெரியும். பிளக்கில் மூன்று பின் இருக்க வேண்டும். மூன்றாவது பின்தான் எர்த். அதை உடைத்தோ டூ-பின் கன்வர்ட்டர் போட்டோ மாட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது திடீர் வோல்டேஜைத் தடுக்க. அதிகச் சுமையைத் தடுக்கத் தனியாக ஃபியூஸோ ரீசெட் பட்டனோ இருக்க வேண்டும்.

ஐந்தாவது, வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. பால்கனியில், பாத்ரூம் பக்கத்தில், தரையில் பாக்ஸ் வேண்டாம். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்திருக்கும், தொடர்பு தளர்ந்து சூடாகும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாதவர்கள் உடனே போட்டுக்கொள்ளுங்கள். மின்வாரியமும் இதைத்தான் சொல்லி வருகிறது. கசிவு வந்த கணத்தில் அது லைனை வெட்டும், உயிரைக் காக்கும். ஆனால் அதிகச் சுமையை அது தடுக்காது. அதற்கு எம்சிபி, இதற்கு ஆர்சிசிபி. இரண்டும் வேண்டும்.

இனி நம் எல்லோருக்கும் பொதுவான விஷயம். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தகப்பனாரும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அங்கே எக்ஸ்டென்ஷன் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோரும் தூங்கும் நேரத்தில், மணிக்கணக்காக, யார் கண்ணிலும் படாமல் நடக்கும் வேலை அது என்பதுதான் விஷயம். நம் கட்டடத்தில் இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து பார்க்கிங் வரை வயர் தொங்குகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. வண்டி வாங்கியவருக்கு வேறு வழி நாம் கொடுக்கவில்லை.

அதே 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கில், பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீ. ஒரு வீட்டில் வைத்திருந்த ரூம் ஹீட்டரில் தொடங்கியது. தீ அந்த வீட்டையும் அதன் வராந்தாவையும் தாண்டவில்லை. ஆனால் கதவு சாத்தாமல் இருந்ததால் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறி, 17 பேர் இறந்தார்கள். என் வீட்டு பாக்ஸ் என் சொந்த விஷயம் என்று ஃபிளாட்டில் இருப்பவர் சொல்ல முடியாது. சாமான் ஒருவருடையது, புகை எல்லோருக்கும்.

அப்படி ஏதாவது நேர்ந்தால்: முடிந்தால் மெயினை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். லிஃப்டில் ஏறாதீர்கள். 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். மாடிப்படியில் செருப்பு ஸ்டாண்டும் பழைய சைக்கிளும் இருந்தால் அன்று யாரும் இறங்க முடியாது.

கடைசியாக, சங்கத்திடம் இரண்டு கோரிக்கை. ஒன்று, பார்க்கிங்கில் எம்சிபி, ஆர்சிசிபியோடு 16 ஆம்பியர் பாயின்ட்டுகள் போட்டு, தனித்தனி மீட்டர் வைத்து, உபயோகிப்பவரிடமே பணம் வசூலிக்கலாம். இரண்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து ஒரே வாரத்தில் எல்லா வீட்டையும் பார்க்கச் சொல்லலாம். வாடகைக்கு இருப்பவர் "வீட்டுக்காரர் செய்யட்டும்" என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் "குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார். நடுவில் பாயின்ட் அப்படியே கிடக்கிறது. ஒரு புதிய 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு ஆகும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள சங்கமே இருவரிடமும் பேசலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பாக்ஸில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு சாமானின் பின்பக்கமும் எத்தனை வாட் என்று பார்த்துக் கூட்டுங்கள். 1,380க்கு மேல் வந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டாலோ, பழுப்பு நிறம் தெரிந்தாலோ, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், தூக்கிப் போடுங்கள். கொலுவுக்குப் புது பாக்ஸ் வாங்கலாம். ராத்திரி படுக்கப் போகுமுன் சீரியல் லைட்டை அணைத்துவிடுங்கள், பொம்மைகளும் கொஞ்சம் தூங்கட்டும்.