அருகிருப்போரும் மருத்துவமே

(பொத்தேரியில் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆம்புலன்சு வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் வியக்கக்கூடும். நம் பொத்தேரியின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் நம் ஊரை ஒட்டியே செல்கின்றன. கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் செல்லும் நம்மவர் நாள்தோறும் அவற்றைக் கடக்கின்றனர். ஆகவே ஆபத்து வேளையில் நடந்துகொள்ளும் முறையைக் கற்பதும் நமக்குக் கல்வியே ஆகும். அதிலும் அடிபட்டவரைப் பற்றியன்றி, அவர் அருகே நின்று கதறுகின்ற தாய், மனைவி, மக்கள் ஆகியோரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு கூறுகளைச் சொல்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அதனை அருகிருந்து கொடுப்பவர் என்பன அவை. அருகிருப்பவரை அவர் வேடிக்கை பார்ப்போர் வரிசையில் வைக்கவில்லை. மருத்துவத்தின் கால்பங்காகவே வைத்தார். நான் கூறவிருப்பவை யாவும் அந்த நான்காமவரைப் பற்றியனவே.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு சேவை 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முன் கிடைத்த வண்டியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடியதை இங்குள்ள முதியோர் அறிவர். இன்று தொலைபேசியில் அழைத்தால் கட்டணமின்றி வண்டி வருகிறது. வருபவர் இருவர்: ஓட்டுநர் ஒருவர், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர். அந்த இருவரைச் சுற்றி நிற்பவரோ இருபது பேர்! ஒருவர் "மயங்கி விழுந்தார்" என்கிறார். மற்றொருவர் "வலிப்பு" என்கிறார். வேறொருவர் தண்ணீர் புகட்டுகிறார். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். தாய் மகன்மேல் விழுந்து புரள்கிறாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவும் இடமில்லை.

இதனைக் கண்டவர்கள், "படிப்பறிவில்லாத கூட்டம், கத்தத்தான் தெரியும்" என்று எளிதாகச் சொல்லிவிடுவர். அது சரியான கணிப்பன்று. நம் மக்கள் ஏன் கத்துகின்றனர்? அமைதியாக நின்றவனை எந்த அலுவலகமும் திரும்பிப் பார்த்ததில்லை என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கின்றனர். குரலை உயர்த்தினால்தான் கவனிப்பார்கள் என்பது அவர்கள் வாழ்க்கையில் கற்ற பாடம். இந்த அச்சத்தின்மேல், "ஏய், தள்ளிப் போ" என்ற சொல் வந்து விழுமாயின் என்ன ஆகும்? காலமெல்லாம் கேட்ட இழிசொல்லாகவே அது காதில் விழும். துயரம் அந்நொடியே சினமாக மாறும்.

சில ஆண்டுகளுக்கு முன், சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளி ஒருவரை ஏற்ற வந்த வண்டியை நான் அருகிருந்து கண்டேன். அவருடைய தாயார் தூக்குப் படுக்கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார். கூட்டத்திலிருந்தோர் அவரை இழுத்தனர். பிடி மேலும் இறுகியது. மருத்துவ உதவியாளராக வந்த இளம்பெண் அவர் உயரத்திற்குக் குனிந்து, "அம்மா, உங்கள் மகன் பெயர் என்ன?" என்று கேட்டார். பெயர் வந்தது. "கழுத்து அசையாமல் வைத்துத் தூக்கப்போகிறோம். இந்தப் பையை நீங்கள் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்" என்றார். அந்தத் தாயின் கை தானே விலகிப் பையைப் பற்றிக்கொண்டது. இழுப்பினால் ஆகாதது மரியாதையான ஒரு வினாவினால் ஆயிற்று.

இதில் அடங்கிய முறையை நாமும் கற்றுக்கொள்ளலாம். முதலாவது, வீட்டார் சார்பில் ஒருவரே பேச வேண்டும். நோயாளியின் வயது, துன்பம் தொடங்கிய நேரம், முன்னரே உள்ள நோய், உண்ணும் மாத்திரை ஆகிய நான்கையும் அவர் சொன்னால் போதும். பக்கவாதமாயின் தொடங்கிய நேரம் மிக இன்றியமையாதது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டியிருப்பதே காரணம். நஞ்சு உண்டவராயின் அந்தப் புட்டியையும் உடன் அனுப்புக.

இரண்டாவது, அழுபவருக்கு ஒரு வேலை தருக. ஒருவர் சாலை முனையில் விளக்குடன் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும். ஒருவர் சந்தில் நிற்கும் வண்டிகளை அகற்றட்டும். ஒருவர் மருந்துச் சீட்டையும் காப்பீட்டு அட்டையையும் எடுக்கட்டும். ஒருவர் குழந்தைகளை அடுத்த வீட்டிற்கு அழைத்துச் செல்லட்டும். வெறுங்கையோடு நிற்பவரையே அச்சம் முழுதாக விழுங்கும்.

மூன்றாவது, வண்டியில் ஒருவர் மட்டும் ஏறுக. மற்றவர்கள் இருசக்கர வண்டிகளில் அதனை விரட்டிச் சென்று இன்னொரு விபத்தை உண்டாக்க வேண்டா.

நான்காவது, பொய்யான ஆறுதல் கூறாதீர்கள். "ஒன்றும் ஆகாது" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? சொன்னது பொய்த்தால், பிறகு மருத்துவர் கூறும் மெய்யையும் வீட்டார் நம்பமாட்டார்கள். "மூச்சு வருகிறது; மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறோம்; நான் உடன் இருக்கிறேன்" என்று கண்டதைச் சொல்லுங்கள். உயிர் பிரிந்துவிட்டதாக மருத்துவர் உறுதி செய்தால், வீட்டாரை உட்கார வைத்து, "இறந்துவிட்டார்" என்ற சொல்லாலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். சுற்றி வளைத்துச் சொன்னால் வீணான நம்பிக்கை வளரும். அழட்டும், அழுகையைத் தடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கட்டணமின்றி வீடு சேர்க்க 155377 என்ற எண்ணில் அமரர் ஊர்தி உண்டு என்பதை அப்போது யாரேனும் ஒருவர் நினைவில் வைத்திருந்தால் பேருதவியாகும்.

அச்சத்தைத் தணிப்பதில் சட்ட அறிவுக்கும் பங்குண்டு. விபத்து என்றவுடன் வீட்டாரை வாட்டும் கவலைகள் இரண்டு: காவல் நிலையம் ஒன்று, பணம் மற்றொன்று. காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. உதவிக்கு வந்தவரைக் காக்கும் பிரிவு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், 2021 டிசம்பர் 18-இல் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. இவற்றை அறிந்த ஒருவர் அருகிருந்து சொன்னால் பாதி நடுக்கம் குறையும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குத் தனியே ஒரு வரலாறு கூறுகிறேன். அமெரிக்காவில் பிட்சுபர்க் நகரில் ஒரு காலத்தில் நோயாளிகளைக் காவல்துறை வண்டியே ஏற்றிச் சென்றது. வழியில் சிகிச்சை ஏதும் இல்லை. 1967-இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற பெயரில் அந்நகரின் கறுப்பின மக்கள் பகுதியில் ஓர் ஆம்புலன்சு சேவை தோன்றியது. வேலைவாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு மருத்துவர் பீட்டர் சாஃபர் பயிற்சி அளித்தார். அந்நாட்டில் பயிற்சி பெற்ற ஆம்புலன்சு மருத்துவ உதவியாளர்களின் முன்னோடிகளாக அவர்கள் விளங்கினர். 1975-இல் நகர நிருவாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி அதனை மூடிவிட்டது. ஆயினும் அவர்கள் பழகிய முறையை நாடு ஏற்றுக்கொண்டது. எவருக்கு உதவி மறுக்கப்பட்டதோ அவர்களே உதவும் கலையைப் பிறருக்குக் கற்பித்தனர் என்பது எண்ணத்தக்கது அன்றோ?

நம் 108 சேவையிலும் செவிலியர் படிப்போ உயிரியல் சார்ந்த பட்டமோ பெற்றோர் மருத்துவ உதவியாளராகச் சேரலாம். நம் பிள்ளைகள் அப்பணிக்கு வர வேண்டும். வந்தபின், எந்தத் தெருவிற்குச் சென்றாலும், எவ்வளவு கந்தல் உடுத்தியவரையும் "அம்மா", "ஐயா" என்றே அழைக்க வேண்டும். மரியாதை இல்லாத சொல் எப்படி வலிக்கும் என்பதை அறிந்தவர்கள் நாம். அந்த வலியைப் பிறர்க்குத் தாராதிருப்பது நம் கல்வியின் பயனாக அமைதல் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் கழகம் தெருவிற்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இருவரைத் தெரிந்தெடுத்து முதலுதவிப் பயிற்சி பெறச் செய்ய வேண்டும். வண்டி வரும்வரை வீட்டாருடன் நிற்பதும், வந்தபின் ஒரே குரலாகப் பேசுவதும், போனபின் அந்த வீட்டு அடுப்பையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வதும் அவர்கள் கடமை. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இந்த மண்டபமும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். முதல் ஞாயிறன்று வருகைப் பதிவேட்டை எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.