மண்ணிற் கலந்த நஞ்சு

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பழனிமலைச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் பூண்டும் விளைவிக்கும் உங்களுக்கு மண்ணின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மண்ணில் நஞ்சு புகுந்துவிட்டால் அதை வெளியேற்றுவது எத்துணை அரிது என்பதையே சொல்ல வந்தேன்.

கொடைக்கானலில் 1983-ஆம் ஆண்டு உடல்வெப்பமானி செய்யும் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த ஆலை அது. பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் பழைய சாமான் கிடங்கொன்றில், பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கிடப்பது வெளிப்பட்டது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-இல்தான். ஆலை வளாகத்து மண்ணின் கதை அத்துடன் முடியவில்லை.

காரணம் கேளுங்கள். பூச்சிமருந்து போன்ற கரிமச் சேர்மங்கள் மண்ணிற் கலந்தால், அவற்றுட் பலவற்றை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். தொழுவுரம் இட்டால் அந்நுண்ணுயிர்கள் பெருகும். பாதரசமோ தனிமம், அதைச் சிதைக்க எவ்வுயிராலும் ஆகாது. சேற்றிலுள்ள சில நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசம் என்னும் கரிமச் சேர்மமாக மாற்றிவிடுகின்றன. அது முன்னதினும் கொடிது. மீன் வழியே மனிதனை அடையும். ஜப்பானில் மினமாட்டா ஊரார் பட்ட துயரம் 1956-இல் தெரியவந்தது. நமது ஆலையோ பாம்பாற்றுச் சோலைக்காட்டின் விளிம்பில், மழைநீர் கீழே ஓடும் சரிவில் அமைந்தது.

ஆதலின் மண்ணைத் தோண்டிச் சலித்து நீரில் அலச வேண்டும். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய களியிலேயே ஒட்டியிருக்கும். அக்களியை மூடிய கலத்தில் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு மிஞ்சலாம் என்பதே வழக்கு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதுமென்பது அதிகாரிகள் ஏற்ற அளவு. சோலையருகே அது போதாது, இன்னும் குறைக்க வேண்டுமென்பது ஊராரின் வாதம். ஊரார் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் கருத்து. வயலில் இறங்கும் நீரைக் குடிப்பவர் அவர்களல்லவா?

பள்ளம் நிரப்ப இலவசமாக மண் தருகிறோமென்று எவரேனும் வந்தால், அது எவ்விடத்து மண் என்று எழுத்தில் கேட்டு, பஞ்சாயத்துப் பதிவேட்டில் குறித்த பின்பே இறக்க விடுங்கள். வீட்டில் பாதரச வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். துளிகள் சிதறிப் பெருகும். குழந்தைகளை அகற்றி, சன்னலைத் திறந்துவைத்து, தடித்த காகிதத்தால் துளிகளைச் சேர்த்து, மூடியுள்ள குப்பியில் இட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்; எருக்குழியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.