திருநீலநக்கர் கற்ற பாடம்

(திருமயிலையில் திருக்குடமுழுக்கு விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



குடமுழுக்கின் முதன்மையான பகுதிகளுள் ஒன்று அட்டபந்தனம் சாத்துதல். கொம்பரக்கு, குங்குலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை நெடுநேரம் இடித்துப் பக்குவப்படுத்திய மருந்தே இறைவன் திருமேனியைப் பீடத்தோடு பிணிக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வறண்டு வெடிக்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை அகற்றிப் புதிது சாத்துதல் மரபு. பாட்டனார் காலத்து மருந்து என்று எவரும் அதனை விட்டுவைப்பதில்லை. மருந்தை அகற்றியதனால் திருமேனியையே அகற்றிவிட்டதாக எவரும் அஞ்சுவதுமில்லை.

நம் இல்லத்து வழக்கங்களும் இத்தகையனவே. அவற்றுள் எது இன்னும் பிணிக்கின்றது, எது வெடித்துவிட்டது என்று ஆராய்தல் குற்றமாகாது. பழையது என்பதனாலேயே ஒன்றைக் கொள்ளுதலும், புதியது என்பதனாலேயே தள்ளுதலும் கூடா என்னும் கருத்தைச் சந்தானாசாரியர் நால்வருள் ஒருவராகிய உமாபதி சிவனார் தம் சிவப்பிரகாசத்தில் வைத்துள்ளார்.

சேக்கிழார் பெருமான் காட்டும் திருநீலநக்க நாயனார் வரலாற்றை நினைமின். சாத்தமங்கை அயவந்தித் திருக்கோயிலில் அவர் பூசை புரிந்துகொண்டிருந்தபொழுது சிலந்தி ஒன்று சிவலிங்கத்தின்மேல் விழுந்தது. அருகிருந்த மனைவியார், குழந்தையின்மேல் விழுந்தாற்போலப் பதைத்து, வாயினால் ஊதி அதனைத் தள்ளினார். எச்சில் பட்டதே என்று நாயனார் வெகுண்டு, அம்மையாரை அங்கேயே துறந்து இல்லம் புக்கார். அன்றிரவு கனவிற் பெருமான் தம் திருமேனியைக் காட்டினார். அம்மையார் ஊதிய இடம் ஒழிய, ஏனைய இடமெல்லாம் சிலந்தியால் கொப்புளம்! நாயனார் உணர்ந்தார், விடிந்ததும் சென்று மனைவியாரை உடனழைத்து வந்தார்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. பின்னர் ஞானசம்பந்தப் பெருமான் அவர் இல்லத்தில் எழுந்தருளி, உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் இரவு தங்க இடம் தருமாறு பணித்தார். பாணர் அக்காலத்தில் தாழ்த்தி ஒதுக்கப்பட்ட குலத்தினர். நாயனாரோ நடுமனையில் வேள்வித்தீ வளரும் வேதிகையின் பக்கத்திலேயே இடம் அளித்தார். தீ அவியவில்லை, வலஞ்சுழித்து மேலோங்கியது. எச்சிலுக்கு அஞ்சி மனைவியைத் துறந்தவர், வேள்வித்தீயின் அருகே பாணரை அமர்த்தினார். இதுவே அவர் கற்ற பாடம்.

நம் திருமயிலைக்கு வருவோம். கபாலீச்சரத்துப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலா. குயவர், வண்ணார், பரதவர், பாணர், திருநாளைப்போவார் அனைவரும் மாடவீதிகளில் எழுந்தருள நாம் கைகூப்புகிறோம். ஆயினும் நாளைப்போவாரின் குலத்தார் நம் கோயில்களுள் உரிமையோடு புகுவதற்கு, மதுரையில் 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசமும், 1947இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற சட்டமும் வேண்டியிருந்தன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17ஆம் பிரிவால் தீண்டாமையையே ஒழித்தது. கோயிற்கதவு திறந்தது. அடுக்களைக் கதவோ?

இங்கே அடியேன் என் பிழையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் இல்லத்தில் ஓர் அம்மையார் முப்பது ஆண்டுகள் பணிசெய்தார். அவர் நீர் அருந்தும் அலுமினியக் குவளை கொல்லைப்புறத்து இறவாணத்திற் செருகப்பெற்றிருக்கும். என் தாயார் காலத்து ஏற்பாடு அது. ஆதீனத்திற் பெரியபுராணம் பாடங்கேட்டவன், நீலநக்கரைப் பற்றி எத்தனையோ மேடைகளிற் பேசியவன், அக்குவளையை நாள்தோறும் கண்டும் காணாதிருந்தேன்.

ஓராண்டு அறுபத்துமூவர் விழாவன்று நீர்மோர்ப் பந்தலில் நின்று வழங்கிக்கொண்டிருந்தேன். அவ்வம்மையாரும் வந்து, எல்லாரும் பருகிய குவளையிலேயே என் கையால் வாங்கிப் பருகினார். மறுநாட் காலை எங்கள் கொல்லையில் இறவாணத்தை நோக்கி அவர் கை நீண்டது. அன்றுதான் கண்டேன். “உள்ளே வாருங்கள் அம்மா, இக்குவளையில் அருந்துங்கள்” என்றேன். “இருக்கட்டும் ஐயா, எனக்கு இதுவே பழகிப் போச்சு” என்றார். நீலநக்கர் ஓரிரவிலே திருந்தினார். அடியேனுக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் என் பிழை அவருடைய பழக்கமாகவும் ஆகிவிட்டது.

தூய்மை வேண்டாவோ என்பீர்கள். வேண்டும். நீராடுதலும் கலம் துலக்குதலும் என்றும் போற்றத் தக்கனவே. ஆனால் எங்கள் வீட்டுக் கலங்கள் அனைத்தையும் துலக்கியவர் அவ்வம்மையார்தாமே! அவர் கை துலக்கிய கலத்தில் நாங்கள் உண்ணலாம், அவர் வாய் பருகலாகாது எனின், அது தூய்மையன்று, செருக்கு.

அன்பர்களே! ஒவ்வொரு வழக்கத்தையும் ஒரு வினாவால் அளந்து பாருங்கள்: இஃது அடியாரை இறைவனிடம் சேர்க்கின்றதா, விலக்குகின்றதா? சேர்ப்பதைப் போற்றுங்கள். திருமுறை ஓதுதலும், விருந்தோம்பலும், முதியோரைப் பணிதலும் ஒருநாளும் வெடியாத மருந்துகள். விலக்குவதை நாளை என்னாது இன்றே அகற்றுங்கள். குடநீர் கலசத்தில் விழும் இந்நன்னாளில், உங்கள் கொல்லைப்புறத்து இறவாணத்தையும் ஒருமுறை நோக்குங்கள்.

அனைவர்க்கும் திருவருள் பெருகுக.

திருச்சிற்றம்பலம்